கொலைகாரன் ஏன் ஓடுகிறான்?

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அவர் முழங்கால் வலியைக் கேட்டுக் கேட்டுக் காது வலி. மற்றபடி குறையில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் தியேட்டர் படிக்கட்டில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "எதுக்குக்கா சிரிச்சே?" அவ்வளவுதான். நான் "தொண்டையில ஏதோ சிக்கிடுச்சுடா" என்றேன். தொண்டையில் சிக்கினால் இருமல் வரும், சிரிப்பு வராது. இது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "இனிமே உன்கூடப் பேசவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நீ இறங்கிப் போனாய். அதன் பிறகு நான் போன் செய்யும்போதெல்லாம் உன் மனைவிதான் எடுக்கிறாள். "அவரு குளிக்கிறாரு அண்ணி" என்கிறாள். மூன்று வருடமாகக் குளிக்கிறாயே, உடம்புக்கு என்ன ஆகும்?

முப்பது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன் ஐம்பத்தைந்து வயதில் கொலைப் படம் எடுக்கிறானே என்று ஊரே சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. அது உனக்கும் தெரியும். ஆனால் 'சொட்டு' படம் திரையில் ஓடும்போது, மழைக்கோட்டும் முகமூடியும் போட்ட கொலைகாரன் தாழ்வாரத்தில் மெல்ல நடந்து வருகிற இடத்தில், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னைப் பார்த்து முன்வரிசை சிரித்தது. முன்வரிசையைப் பார்த்து ஹால் முழுக்கச் சிரித்தது. உன் படம் அங்கேயே செத்துப்போனது. அந்தக் கொலையைச் செய்தவள் நான்.

நேற்று உன் பார்சல் வந்தது. உள்ளே ஒரு பென்டிரைவ். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "சொட்டு இரண்டாம் பாகம். சிரிக்கிறதா இருந்தா வீட்டிலேயே சிரித்துக்கொள்." கையெழுத்து இல்லை. நீ கையெழுத்துப் போட வேண்டுமா என்ன, 'சிரி'யில் நீ போடும் சுழியைப் பார்த்தாலே தெரியாதா?

காலை பதினொரு மணிக்கு ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு நானும் அத்தானும் உட்கார்ந்து பார்த்தோம். மறுபடி ஒருமுறை நான் மட்டும் நோட்டும் பேனாவுமாகப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை. எழுதியதை மறைக்காமல் சொல்கிறேன், கோபப்படாமல் கேள்.

முதலில் நல்லது. அந்தத் தண்ணீர் சொட்டும் சத்தம். மூன்று சொட்டு விழுகிறது, நான்காவது விழ வேண்டிய நேரத்தில் விழவில்லை. அங்கேதான் எனக்கு முதுகு சில்லிட்டது. நாலு கொலை காட்டியும் வராத பயம், விழாத ஒரு சொட்டில் வந்தது. அப்புறம் அந்தத் தையல் கடை. தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே அந்த அம்மா ஒளிந்து நிற்கிறாள். அந்த வரிசையிலேயே ஒரு மழைக்கோட்டும் தொங்குகிறது. அவள் பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம். அத்தான் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கிவிட்டது.

இனி மற்றது. போன படத்தில் கொலைகாரன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, மூடியும் விழுந்து, செத்தான். இந்தப் படத்தில் ஐந்தாவது நிமிடம் வந்து நிற்கிறான். எப்படி வந்தான்? விடையைப் போட்டுவிட்டாய், வழிமுறையைக் காணோம். கணக்கில் இதற்குப் பாதி மதிப்பெண்தான்.

நர்ஸாக வந்து செத்தவள், அரைமணி நேரம் கழித்து மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நூலகராக வந்து மறுபடி சாகிறாள். லாட்ஜ் மேனேஜர் செத்த பிறகு மூக்கைச் சொறிகிறார். ஓரிடத்தில் கத்தி படுவதற்கு முன்பே ரத்தம் வந்துவிடுகிறது; கத்திக்கு மரியாதை கொடுத்து வழிவிட்டதுபோல இருக்கிறது. இருட்டில் தனியாக நிற்கிற பெண் ஒவ்வொருத்தியும் "யாரு அது?" என்று கேட்கிறாள். அவன் என்ன, "நான்தாம்மா" என்றா சொல்லப்போகிறான்? எல்லாவற்றுக்கும் மேல், ஒவ்வொரு கொலை முடிந்ததும் படம் இதய வடிவத்தில் சுருங்கி மூடுகிறது. தம்பி, அது கல்யாண ஆல்பம் இல்லையப்பா.

இதெல்லாம் சில்லறைத் தவறு. சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போய்விடலாம். ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. போன படத்தில் அந்தக் கொலைகாரன் நடந்தான். இந்தப் படத்தில் ஓடுகிறான். மாடிப்படியில் ஓடுகிறான், தெருவில் ஓடுகிறான், ஓரிடத்தில் மூச்சு வாங்க நிற்கிறான். பஸ்ஸைத் தவறவிட்டவன்போல இருக்கிறானே தவிர, கொலைகாரன்போல இல்லை. ஏனடா அவனை ஓடவிட்டாய்?

பதில் எழுதுவாயோ மாட்டாயோ. எழுதினால் மகிழ்ச்சி. குளித்து முடித்த பிறகு எழுது.

ஆசிகளுடன்,
உன் அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று வேண்டுமென்றேதான் போடவில்லை.

பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதத்தால் என் சொல் தவறியதாக ஆகாது. அத்தானைக் கேட்டதாகச் சொல். வளையலுக்கு நான் பொறுப்பில்லை.

இதயம் என் கையில் இல்லை. முப்பது வருடமாக எடிட்டிங்கில் உட்கார்ந்தால் விரல் தானாக அந்தப் பட்டனுக்குப் போய்விடுகிறது. ஒரு பிணத்தின் மேல் ரோஜா இதழ் தூவியிருந்தேன். உன் தம்பி மனைவி பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு எடுக்கச் சொன்னாள். நர்ஸும் நூலகரும் இரட்டைப் பிறவி என்று வைத்துக்கொள். உண்மையில் இரண்டுமே நம் தையல்கடைக்கார அம்மாதான். கடையைப் படப்பிடிப்புக்குக் கொடுத்தவர், "எனக்கு ரெண்டு சாவு வேணும்"னு கேட்டார், கொடுத்தேன். மூன்றாவது சாவுதான் நீ பாராட்டிய சட்டை வரிசை. மூக்கைச் சொறிந்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர். "செத்தா மூக்கு அரிக்காதா சார்?" என்று கேட்கிறார். தொட்டி மூடி சரியாகப் பூட்டவில்லை, அவன் ஏறி வந்துவிட்டான். போதுமா வழிமுறை?

ஆனால் அவன் ஏன் ஓடுகிறான் என்று கேட்டாயே, அதை நீ கேட்டிருக்கக் கூடாது.

போன படத்தில் அந்த நடைக்காகக் கொலைகாரனாக நடித்த பிளம்பரை எட்டு நாள் நடக்கவைத்தேன். மனிதர் கால் வீங்கி வேலைக்குப் போகவில்லை. எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அந்த நடை ஒன்றுதான். கொலையெல்லாம் சும்மா, எல்லோரும் செய்வது. நடைதான் நான் எடுத்தது. அந்த இடத்தில்தான் நீ சிரித்தாய். வேறு யாராவது சிரித்திருந்தால் 'போடா' என்று போயிருப்பேன். சின்ன வயதில் நான் வரைந்த கோணல் பூனையைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்தவள் நீ. நீ சிரித்தால் அது உண்மையிலேயே சிரிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் பாகத்துக்கு உட்கார்ந்தபோது நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியாக எழுதியது இதுதான்: 'கொலைகாரன் நடக்கக் கூடாது.'

ஏப்ரல் 12, அதே தியேட்டர், ஒரே ஒரு காலைக் காட்சி. இதுவும் சிரிப்பாகிவிட்டால் கேமராவுக்குத் துணி போட்டு மூடிவிடுவேன். அதற்கு முன்னால் ஒருத்தராவது உண்மையைச் சொல்லட்டும் என்றுதான் உனக்கு அனுப்பினேன். படிக்கட்டில் கேட்ட கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

நீ போடாவிட்டாலும் நான் போடுவேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு நொடிச் சிரிப்பு உன் நோட்டில் முதல் வரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறதே. கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். தாமதமாக எழுதினாலும் விடை விடைதானே.

உன் கொலைகாரன் எப்படி நடந்தான் என்று நினைத்துப் பார். வலது செருப்பு லேசாகத் தேயும். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நகர்வான். எவ்வளவு அவசரமானாலும் வேகம் கூடாது.

அத்தான் என் காதுப்பக்கம் குனிந்து சொன்னார்: "ஏய், இது நீதானே! பரீட்சை ஹால்ல நீ இப்படித்தான் நடப்பே!"

அவ்வளவுதான், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. உன் படத்தைப் பார்த்து இல்லையடா. என்னைப் பார்த்து. முப்பத்தாறு வருடம் பரீட்சை ஹாலில் பெஞ்சுகளுக்கு நடுவே அப்படித்தான் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அவன் கையில் கத்தி, என் கையில் கூடுதல் விடைத்தாள். வேறு வித்தியாசம் இல்லை.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை தெரியுமா? வெட்கம். நான் ரொம்ப அன்பான டீச்சர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று அந்தத் திரையில்தான் முதல் முறை பார்த்தேன். படிக்கட்டில் நின்று "அந்தக் கொலைகாரன் நான்தாண்டா" என்று சொல்ல வாய் வரவில்லை. தொண்டையில் சிக்கியது அதுதான்.

இனி உன் கேள்வியை விட்டு உன் படத்துக்கு வருகிறேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். பரீட்சை ஹாலில் எங்கே சத்தம் கேட்டாலும் ஓடுவார். பிள்ளைகளுக்கு அவர்மேல் துளிப் பயம் இல்லை. இந்த மூலையில் இருமுவார்கள், இங்கே ஓடி வருவார். அதற்குள் அந்த மூலையில் காரியம் முடிந்திருக்கும். ஓடுகிறவருக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் ஓடுகிறார். நடக்கிறவருக்கு எல்லாம் தெரியும். அவர் வந்து சேருவார், நாம் எங்கேயும் போக முடியாது. அதுதானே பயம்?

பயந்தவனைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் நடிக்கும். நான் எப்போதும் பெஞ்சுக்கு அடியில் பார்ப்பேன். பயந்தவன் காலை உள்ளே இழுத்துக்கொள்வான். கால் நடிக்காது.

அவனை நடக்கவிடு, தம்பி. இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
உன் அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைத் தையல் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அந்த அம்மா ஒரு பிளவுஸைத் தப்பாக வெட்டிவிட்டார். "என்ன சார், படம் ஓடிருச்சா?" என்றார். "இல்லைம்மா, மூணு வருஷமா ஓடினது இப்பதான் நின்னுச்சு" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் உன்னை நினைத்து எடுக்கவில்லை. பிளம்பரிடம் "பயமா இருக்கற மாதிரி நடங்க" என்றேன். அவர் சினிமா வில்லன் மாதிரி நடந்தார். எனக்குத் திருப்தியில்லை. நானே நடந்து காட்டினேன். அந்த நடை எங்கிருந்து என் காலுக்கு வந்தது என்று யோசிக்கவே இல்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் நினைவு வந்தது. எனக்குப் பதினாறு வயது, பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. உனக்கு வேலை கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எங்கள் ஹாலுக்கே கண்காணிப்புக்கு வந்து நின்றாய். என் சாக்ஸுக்குள் ஒரு பிட்டு. செருப்புச் சத்தம் பின்னால் வந்தது, வந்தது, வந்து நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பிட்டை எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிட்டேன். உனக்குத் தெரியாது என்று நாற்பத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கேட்கிறேன்: தெரியுமா?

நீ சொன்னது சரி. ஓடுகிற காட்சி ஆறும் வெட்டிவிட்டேன். வெட்டின பிறகு படத்தில் பெரிய ஓட்டை. நடக்கிற காட்சி எடுத்து ஒட்ட வேண்டும், தையல்கடை, மாடிப்படி, லாட்ஜ், மூன்றே இடம். ஆனால் பிளம்பர் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டார், ஜூனில்தான் வருவார். ஜெராக்ஸ் கடைக்காரரை நடக்கவைத்துப் பார்த்தேன், கடன்காரருக்குப் பயந்து ஒளிகிறவர் மாதிரி நடக்கிறார். நான் நடக்கலாம் என்றால் கேமராவை யார் பிடிப்பது?

உன் தம்பி மனைவி அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "மழைக்கோட்டு, முகமூடி. உள்ளே ஆம்பளையா பொம்பளையான்னு யாருக்குத் தெரியும்? அசல் இருக்கும்போது நகலை ஏன் தேடறீங்க?"

நான் கேட்கவில்லை. அவள் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

தெரியும். இரண்டு முறை மென்றாய். மூன்றாவது முறை மெல்லாமல் விழுங்கினாய். தண்ணீர் கொண்டுவரச் சொல்லலாமா என்று யோசித்தபடிதான் அங்கே நின்றேன். நீ அதைக் கொலைகாரன் வந்து நின்றதாக எடுத்துக்கொண்டாய்.

வருகிறேன். மூன்று நிபந்தனை. ஒன்று, என் பழைய செருப்பைத்தான் போடுவேன். புதுச் செருப்பு தேயாது. இரண்டு, யாருக்கும் நான் என்று சொல்லக் கூடாது. மூன்று, கத்தி அட்டையில் செய்ததாக இருக்க வேண்டும். உன் அத்தான் முழங்காலுடன் கூட வருகிறார். அவர் "நானும் ஒரு சாவு சாகட்டுமா?" என்று கேட்கச் சொன்னார். உட்கார்ந்தபடி சாகிற மாதிரி ஏதாவது இருந்தால் கொடு.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் ஏறுகிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கிளம்பிப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. போனில் சொல்லலாம், ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ திருத்திவிடுகிறாய். அதனால் கடிதம்.

மூன்று வருடம் கழித்து நான் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை "ஆக்‌ஷன்". இரண்டாவது "கட்". மூன்றாவதுதான் உருப்படியானது: "அக்கா, கோட்டைப் பின்பக்கம் முன்பக்கமாப் போட்டிருக்கே." சமாதானமாகும்போது என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் போயிற்று.

லாட்ஜ் காட்சியை நேற்று எடிட் செய்தேன். நீ முகமூடிக்குள் இருந்ததால் முழுதாகப் பார்த்திருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். ஜெராக்ஸ் கடைக்காரர் தரையில் செத்துக் கிடக்கிறார். இந்தத் தடவை மூக்கு அரிக்கக் கூடாது என்று முகத்தில் ஈரத்துணி வைத்துத் துடைத்துவிட்டுப் படுத்திருந்தார். நீ தாழ்வாரத்தின் கோடியிலிருந்து வருகிறாய். செருப்பு தேய்கிறது. பிணத்தின் கால் கட்டைவிரல் முதலில் மடங்குகிறது. அப்புறம் இரண்டு காலும் மெல்ல உள்ளே போகின்றன. நீ பக்கத்தில் வந்து நின்று தலையைச் சாய்த்ததும், கண்ணைத் திறக்காமலே பிணம் "டீச்சர்?" என்றது. அடுத்த நொடி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, நேராக நின்றுவிட்டது!

நான் "கட்" சொல்லவே மறந்துவிட்டேன். உன் தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எட்டாவது பி செக்‌ஷன், டீச்சர். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டா இன்னும் கை தானா கட்டிக்குது" என்றார். நீ முகமூடியைக் கழற்றிவிட்டு அவர் தோளைத் தட்டி "உட்காருப்பா" என்றாயே, மனிதர் அப்போதும் உட்காராமல் நின்றார். அப்புறம் அன்று மாலை உனக்குத் தன் கடையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டவரும் அவர்தான். பயம் மட்டும் இருந்தால் நாற்காலி வருமா அக்கா? நீ வெட்கப்பட்டதாக எழுதினாய், அதனால் சொல்கிறேன்.

தையல்கடைக்கார அம்மா அந்தச் சட்டை வரிசையில் அலறியது நடிப்பில்லை. அப்படியே வைத்திருக்கிறேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி செத்தது நன்றாக வந்திருக்கிறது. செத்த பிறகு முழங்காலைத் தடவியதை மட்டும் வெட்டிவிட்டேன். இதயங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒன்றே ஒன்றை, அத்தான் சாவுக்கு மட்டும், விட்டுவைத்திருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி உங்களுக்குக் கடைசி வரிசையில் இரண்டு இருக்கை. நான் பக்கவாட்டில், வாசல் திரைக்குப் பக்கத்தில் நிற்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அதே ஹால், அதே தாழ்வாரம், அதே நடை. மறுபடி சிரித்துவிட்டார்கள் என்றால்? நூற்றுக்கு எவ்வளவு போடுவாய், அதையாவது முன்கூட்டிச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

மதிப்பெண் போட மாட்டேன். தான் எழுதிய விடைத்தாளைத் தானே திருத்தக் கூடாது. இப்போது நானும் அதில் இருக்கிறேனே.

ஆனாலும் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நர்ஸும் நூலகரும் இரட்டைப் பிறவி என்று யாரும் நம்பப்போவதில்லை. தொட்டி மூடி பூட்டவில்லை என்பதைக் காட்ட ஒரு பூட்டாவது திறந்து கிடக்கக் கூடாதா? பெண்கள் இன்னும் "யாரு அது?" என்றுதான் கேட்கிறார்கள். இதெல்லாம் இருக்கட்டும். குறையே இல்லாத விடைத்தாளை நான் பார்த்ததே பக்கத்து ஆளைப் பார்த்து எழுதியவனிடம்தான். உன் படம் உன் கையெழுத்தில் இருக்கிறது. 'சிரி'யில் போடும் சுழி மாதிரி.

ஜெராக்ஸ் கடைக்காரரின் நாற்காலியை நானும் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். நீ எழுதியது நல்லது.

மறுபடி சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாய். சிரிப்பார்கள். நானே சிரிப்பேன். என்னால் அடக்க முடியாது. அந்தக் கோட்டுக்குள் வியர்த்து வழிந்து, உன் மனைவி விசிறிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் உனக்கு ஒன்று தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அத்தானுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் காட்சியில் என் செருப்பு கழன்று அவர் காலுக்கடியில் போய்விட்டது. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு, குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். நான் சிரித்தேன், உண்மை. ஆனால் சிரித்தது வாய் மட்டும்தான். என் இரண்டு காலும் அந்த நேரத்தில் இருக்கைக்கு மேலே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை, தாழ்வாரக் காட்சி வரும்போது, ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டால் திரையைப் பார்க்காதே. எங்கள் முகத்தையும் பார்க்காதே. கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்து, குனிந்து, எல்லோருடைய கால்களையும் பார்.

உன் அக்கா